ஊர் நினைவு நோட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியிலிருந்து டவுன் பஸ் போகிற தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஊரில் யார் இறந்தாலும் அவர்களுக்கு இரண்டு பக்கம் என்று ஒரு நோட்டு எழுதி வருகிறோம். பக்கத்து ஊர்க்காரர்கள் சிலரும் தங்கள் ஊரில் தொடங்க வேண்டும் என்று விவரம் கேட்கிறார்கள். கேதம் (துக்கம்) கேட்கப் போன இடம், ஊருணிக் கரை, சிங்கப்பூரிலிருந்து வரும் வாட்ஸ்அப் குரல் செய்தி, எங்கே பார்த்தாலும் அதே சந்தேகங்கள்தான். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்வியைப் போட்டு, பதிலை எழுதி வைக்கிறேன்.

கருமாதிப் பத்திரிகை அடிக்கிறோம், கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வைக்கிறோம். அதுக்கு மேல எதுக்கு ஒரு நோட்டு?

ஃபிளெக்சில் இருப்பது படம், பெயர், தோற்றம், மறைவு, கீழே வருந்தும் குடும்பத்தார். பத்திரிகையிலும் அதேதான், மகன், மருமகன், பேரன் பெயர்கள் படிப்போடும் உத்தியோகத்தோடும் வரும், அவ்வளவே. இரண்டையும் படித்தால் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். போனவர் எண்பது வருஷம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு வரி கிடைக்காது. பதினாறு முடிந்ததும் ஃபிளெக்ஸ் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போய்விடும்.

யாழ்ப்பாணத்தில் 31-ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கின்போது ‘கல்வெட்டு’ என்று ஒரு சிறு புத்தகமே அச்சிட்டுக் கொடுப்பார்கள். இறந்தவரின் வாழ்க்கை வரலாறு அதில் இருக்கும். நம் பக்கம் அந்த வழக்கம் இல்லை. அச்சுச் செலவு எல்லா வீட்டுக்கும் தாங்கவும் தாங்காது. நாங்கள் வைத்திருப்பது கெட்டி அட்டை போட்ட நீளக் கணக்கு நோட்டு. யார் வீட்டிலும் இதற்குப் பணம் வாங்குவதில்லை.

யாரை எல்லாம் எழுதுவீக? ஊர்ல பொறந்தவுக மட்டுமா?

இங்கே பிறந்தவர், வாழ்க்கைப்பட்டு வந்தவர், பிழைக்க வந்து தங்கியவர், இங்கிருந்து போய் வேறு ஊரில் இறந்தவர், எல்லாரும். எந்தத் தெரு என்ற கேள்வியே இல்லை. ஊரில் பாதி நாள் தங்கி ஐந்து ஊருக்குச் சாணை பிடித்தவர் ஒருவர் இருந்தார். அவருக்கும் இரண்டு பக்கம் உண்டு.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளுக்கு ஏற்கெனவே தாள் இருக்கிறது. இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்களில் புள்ளிக் கணக்கு, அதாவது குடும்பக் கணக்கு, இருக்கிறது. கல்யாணத்துக்கு இசைகுடிமானம் என்ற ஒப்பந்தம் எழுதுகிறார்கள். பெட்டகத்தைத் திறந்தால் நாலு தலைமுறைக் கடிதாசி கிடைக்கும். மற்றத் தெருக்களில் மிஞ்சிப்போனால் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எழுதிய நோட்டுத்தான். அதிலும் பெண்கள் பெயர் இருக்காது. புள்ளிக் கணக்கிலும் கல்யாணமான தம்பதிதான் ஒரு புள்ளி. கடைசிவரை தனியாகவே இருந்துவிட்ட ஆளுக்கு அங்கே தனி வரி கிடையாது. இப்படிக் கணக்கில் வராதவர்களை எழுதத்தான் முதலில் உட்காருவோம். தாள் இருக்கிற வீடு கொஞ்சம் காத்திருக்கலாம்.

சாவு வீட்டுல போய் இதை எல்லாம் எப்படிக் கேட்கிறது? நல்லா இருக்காதே?

சாவு வீட்டில் எதையும் கேட்கக் கூடாது. பேனாவை வெளியே எடுக்கவே கூடாது. பந்தலில் ஓரமாக உட்கார்ந்து காதைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும். அன்றைக்கு வருகிற பேச்சு அப்புறம் எந்நாளும் வராது. நாற்பது வருஷமாகப் பேசாத பங்காளி வந்து நின்று பழைய கதையை எடுப்பார். வீட்டுக்கு வந்ததும் நினைவில் இருப்பதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

முறையாகக் கேட்பதற்கு நல்ல நேரம் கருமாதிக்கு மறுநாள் காலை. விசேஷ வேலை ஓய்ந்திருக்கும், சென்னைக்காரர்களும் கோயம்புத்தூர்க்காரர்களும் அன்று இரவுதான் பஸ் ஏறுவார்கள். ஒரு மாதம் தள்ளினால் வீட்டில் பூட்டுத்தான் தொங்கும். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனக்கு ‘ரொம்ப நல்லவரு’ங்கிறதைத் தவிர சொல்ல ஒண்ணும் தோணலையே. என்ன சொல்றது?

எல்லாரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். தங்கமான மனசு, யார் வந்தாலும் சோறு போடுவாக, கோபமே வராது. இதை எல்லாம் கேட்டுக்கொள்வோம், எழுத மாட்டோம். ஊரில் இறந்த அத்தனை பேருக்கும் அதே நாலு வரி பொருந்தும் என்றால் அது யாரைப் பற்றியும் இல்லை. குணத்தை விட்டுவிடுங்கள், செய்ததைச் சொல்லுங்கள். விடிகாலையில் எழுந்ததும் முதல் வேலை என்ன? பக்கத்து வீட்டுக்காரர் எதற்காக இவர் வாசலுக்கு வருவார்? எந்தச் சாமானைப் பிறர் தொட்டால் சத்தம் போடுவார்? தொழிலை யாரிடம் கற்றார், யாருக்குக் கற்றுக் கொடுத்தார்?

கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் போடப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாவைப் பற்றி மகளிடம் கேட்டபோது பத்து நிமிஷம் ‘எங்க ஆத்தா மாதிரி வருமா’ என்பதைத் தாண்டவில்லை. “சரி, வெள்ளைப் பணியாரத்துக்கு எப்படி அளப்பாக?” என்றோம். பேச்சே மாறிவிட்டது. உழக்கில் பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பார். ஒரு பருப்பு சரிந்து கீழே விழுகிறவரை போடலாம். விழுந்தால் அளவு முடிந்தது. எத்தனை படி போட்டாலும் உழக்கு உழக்காக இப்படித்தான், பெரிய படியில் அளக்க விட மாட்டார். பெரிய படியில் கோபுரம் சரியாக நிற்காது என்பாராம். எண்ணெய்ச் சட்டி காயும்போது பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. முதல் பணியாரம் உப்பிக்கொண்டு திரும்பினால்தான் வெற்றிலையை எடுத்து வாயில் போடுவார். கூலி பேச மாட்டார், ஆனால் கொடுத்ததை அங்கேயே எண்ணிப் பார்க்காமல் முந்தியில் முடிய மாட்டார்.

இதைப் படித்தால் அந்த அம்மாவைத் தெரியாதவர்களுக்கும் ஆள் கண்ணில் தெரியும். தங்கமான மனசா இல்லையா என்பதைப் படிக்கிறவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

பொறந்த வருஷமே தெரியாது. ஆதார்ல ஜனவரி 1-ன்னு போட்டிருக்கு, அதையே எழுதிரலாமா?

எழுத வேண்டாம். தேதி தெரியாதவர்களுக்குப் பொதுவாகப் போட்டுவிட்டது அது. வீட்டில் ஜாதகக் குறிப்பு இருந்தால் தமிழ் வருஷப் பெயர் இருக்கும். தாரண என்றால் 1944 சித்திரையிலிருந்து 1945 பங்குனி வரை. பார்த்திப அடுத்தது, விய 1946-47, சர்வசித்து 1947-48. அறுபது வருஷத்துக்கு ஒருமுறைதான் அதே பெயர் திரும்ப வரும் என்பதால் குழப்பமில்லை.

ஜாதகமும் இல்லை என்றால் ஊர் அறிந்த சம்பவத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 1942 தொடக்கத்தில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தது. அதே வருஷம் ஆகஸ்டில் திருவாடானைச் சிறையை உடைத்து மக்கள் சுதந்திரப் போராட்டக்காரர் சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்தது. 1948 ஜூலையில் சிக்ரிக்கு (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம்) அடிக்கல் நாட்ட நேரு காரைக்குடி வந்தது. 1957 ஏப்ரலில் வள்ளல் அழகப்பச் செட்டியார் மறைந்தது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடிப் புயல். “நேரு வந்தப்ப என்னை இடுப்புல தூக்கிட்டுப் போனாகளாம்” என்று ஒரு பாட்டி பேத்தியிடம் சொல்லியிருந்தால் 1946-ஐ ஒட்டிப் பிறந்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம். புயலின்போது கைக்குழந்தையோடு இருந்தாக என்றால் மூத்த பிள்ளையின் வயதிலிருந்து பின்னால் போகலாம். நோட்டில் ‘1946 சுமார்’ என்று எழுதி, எதை வைத்துச் சொல்கிறோம் என்பதையும் பக்கத்திலேயே எழுதுகிறோம்.

இறந்த தேதிக்கு இந்தச் சிக்கல் இல்லை. 21 நாளைக்குள் பதிய வேண்டும் என்று 1969-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. ஊராட்சியில் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவு இருக்கும். திதியை மட்டும் வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், சான்றிதழில் அது வராது.

பழைய கணக்கு நோட்டு, கடிதாசி எல்லாம் பரண்ல கிடைச்சிருக்கு. எழுத்து சுழி சுழியா இருக்கு, ஒண்ணும் விளங்கலை.

பாதிக்கு மேல் அடையாளக் குறிகள்தான். ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம். ௷ வரவு, ௶ பற்று, ௹ ரூபாய், ௸ மேற்படி. எண்களும் தமிழ் எண்களாக இருக்கலாம்: ௧ ஒன்று, ௨ இரண்டு, ௫ ஐந்து, ௰ பத்து, ௱ நூறு. இவற்றைத் தனித்தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஒரு மத்தியானத்தில் பழகிவிடும். வாழ்க்கைக் குறிப்புக்குக் கணக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். யாருக்கு மருந்து வாங்கினார்கள், எந்த மாதம் யார் ஊருக்கு வண்டி பிடித்தார்கள் என்பதெல்லாம் பற்று வரியில்தான் இருக்கும்.

ஒரே பேர்ல ஊர்ல நாலு பேரு. எந்த ஆளுன்னு எப்படித் தெரியும்?

ஐயா (தாத்தா) பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊரில் இது தீராத பிரச்சினை. நகரத்தார் வீடுகளுக்கு விலாசம் என்று குடும்ப முதலெழுத்துகள் உண்டு, அந்த எழுத்துகளை முன்னால் போட்டால் வீடு தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு அப்பா பெயர், தெரு, தொழில் மூன்றையும் சேர்த்து எழுதுகிறோம்.

பட்டப்பெயரைப் போடலாமா என்று அடுத்த கேள்வி வரும். அவர் முகத்துக்கு நேரே கூப்பிட்டு அவரும் திரும்பிப் பார்த்தார் என்றால் போடலாம். முதுகுக்குப் பின்னால் மட்டும் சொன்ன பெயர் என்றால் அவரோடு போகட்டும்.

பிள்ளை கூட்டிக்கிட்டு வந்தவரு. அவரை எந்த வீட்டுக் கணக்குல எழுதுறது?

பிள்ளை கூட்டுவது என்றால் சுவீகாரம் எடுப்பது. வந்த வீட்டில் எழுதி, பிறந்த வீட்டையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். சுவீகாரம் வந்த வீட்டார் சில சமயம் ‘அது எதுக்கு இப்ப’ என்பார்கள். பெற்ற தாய் உயிரோடு இருந்தால், கருமாதியில் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்று பாருங்கள். அதைப் பார்த்த பிறகு அந்த ஒரு வரியை விட மனசு வராது. எத்தனை வயதில் வந்தார், பழைய பெயர் இருந்ததா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சடங்கு விவரம் தேவையில்லை.

பொம்பளைகளைப் பத்தி என்னத்தைச் சொல்றது? வீட்டுலதான இருந்தாக.

இதை அதிகம் கேட்பது பெண்கள்தான். தங்கள் அம்மாவைப் பற்றியே கேட்பார்கள்.

கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன செட்டியார் வீட்டு ஆண்கள் மூன்று வருஷக் கணக்கில் பர்மாவிலும் மலேயாவிலும் இருந்தார்கள். மகனுக்குக் கல்யாணமானதும் வேறு வைப்பது வழக்கம். ஒரே வளவில் (பெரிய வீட்டுக்குள்) தனித்தனி அடுப்பு. வருஷத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு புளி, மிளகாய், எண்ணெய் என்று அளந்ததை வைத்துக்கொண்டு பிள்ளைகளையும் வளர்த்து, வந்த சீர் போன சீர் எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதி, கடிதத்தில் விவரமும் அனுப்பிய ஆச்சிகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் இப்போது ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறது. வீட்டில்தான் இருந்தாக என்பது எவ்வளவு பெரிய வேலை என்று அந்தக் கணக்கு நோட்டைத் திறந்தால் தெரியும். (குறிகள் விளங்காவிட்டால் மேலே சொன்னதைப் பாருங்கள்.)

மற்றத் தெருப் பெண்கள் வீட்டில் இருக்கவே இல்லை. நடவு, களை, கருவை வெட்டி மூட்டம் போடுவது, செங்கல் சூளை, கொட்டான் முடைவது, கடைசிக் காலத்தில் நூறு நாள் வேலை. ஊருணி தூர்வாரியதில் எந்தக் கரை யார் கை மண் என்று அவர்களுக்குத் தெரியும். ‘கூலி வேலை’ என்று இரண்டு சொல்லில் முடிக்காதீர்கள். எந்த வேலை, யாரோடு சேர்ந்து போவார், குழுவுக்கு முன்னால் நின்று கூலி பேசியவர் யார் என்று கேளுங்கள்.

எங்க வளவுல முப்பது வருஷம் வேலை பார்த்தாக. குடும்பத்துல ஒருத்தி மாதிரி. நாங்களே சொல்றோம், எழுதிக்கிறீகளா?

நீங்கள் சொல்வதையும் எழுதுவோம். ஆனால் அதை மட்டும் எழுத மாட்டோம். குடும்பத்தில் ஒருத்தி என்கிற வீட்டில் அவருடைய முழுப்பெயர் என்ன, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் பல சமயம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். குற்றம் சொல்லவில்லை, நடப்பது அது.

அவர் தெருவுக்குப் போக வேண்டும். அங்கே அவர் வேறு ஆள். உங்கள் வளவில் வாயே திறக்காதவர் என்று நீங்கள் சொல்கிற அம்மா, அவர் தெருவில் பஞ்சாயத்துப் பேசியவராக இருப்பார். முளைப்பாரிக்குப் பாட்டெடுத்துக் கொடுத்தவராக இருப்பார். பட்டாலையை (வீட்டுக் கூடத்தை) தேங்காயெண்ணெய்த் துணியால் துடைத்து ஆத்தங்குடிக் கல்லில் முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்தார் என்பது உங்கள் பக்கம். அந்த வேலைக்காக விடியற்காலையில் தன் பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு வந்தார் என்பது அவர்கள் பக்கம். இரண்டும் ஒரே தாளில் வந்தால்தான் சரி.

பர்மாவுலேருந்து வந்தவுக, வெளிநாட்டுல செத்தவுக, இவுகளுக்கு எப்படி?

1942-ல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களில் அப்போது சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறை ஒட்டியவர்கள். இனி இந்தக் கதையைக் கண்ணால் கண்டு சொல்ல ஆள் இருக்காது, ஆகவே இதில் தாமதம் கூடாது. முக்கியமான வழி இரண்டு. தவுங்கூப் கணவாய் தாண்டி அரக்கான், அக்யாப் வழியாகச் சிட்டகாங். இல்லாவிட்டால் தமு, மணிப்பூர் வழி. குடும்பத்துக்கு ஊர்ப் பெயர் தெரியாது. “கப்பல்ல ஏறுனாகளா, ரயில்லயா? காட்டுல யானை பார்த்ததாச் சொன்னாகளா, கடல் பார்த்ததாச் சொன்னாகளா?” என்று கேட்டால் எந்த வழி என்று ஓரளவு பிடிபடும். 1964-ல் கடைகளும் தொழில்களும் அரசுடைமையான பிறகு கப்பலில் வந்தவர்கள் வேறு கூட்டம். காரைக்குடி பர்மா காலனியில் அவர்கள் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களோடு இவர்களைக் கலந்துவிடாதீர்கள்.

சிங்கப்பூர், வளைகுடாவில் இறந்தவர்களுக்கு அங்கே ஒரே அறையில் தங்கியிருந்த நண்பரைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஊருக்கு வருஷத்தில் ஒரு மாதம் வந்துபோனவரைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது அந்த ஒரு மாதம்தான்.

ஒப்பாரியைப் போன்ல பதிவு பண்ணலாமா?

பாடும்போது போனை நீட்ட வேண்டாம். ஒப்பாரியில் ஒரு வாழ்க்கையே இருக்கிறது என்பது உண்மைதான்: எந்த ஊரில் பிறந்தாள், எத்தனை பவுன் போட்டு வந்தாள், யார் கைவிட்டார், யார் சோறு போட்டார், எல்லாம் பாட்டில் வந்துவிடும். அப்புறம் ஒருநாள் பாடியவரிடமே போய் அனுமதி கேட்டுத் திரும்பப் பாடச் சொல்லலாம். ஆனால் சாவு இல்லாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடக் கூடாது என்பார்கள். கட்டாயப்படுத்தாதீர்கள். கண்மாய்க் கரைக்கோ, வயலுக்கோ போய் உட்கார்ந்தால் பாடுவார்கள். நோட்டில் அவர் பெயரையும் எழுத வேண்டும், அது அவர் கட்டிய பாட்டு.

செத்தவுகளைப் பத்தி நல்லதுதான எழுதணும்? சண்டை, கடன், குடி எல்லாம் எதுக்கு?

ஊருக்கே தெரிந்தது, அவரும் மறைக்காதது என்றால் எழுதலாம். இருக்கிறவர்களின் மானத்தை வாங்குவதாக இருந்தால் வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில் வருவதை வீட்டாரிடம் வாசித்துக் காட்டி முடிவு செய்கிறோம்.

கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சியாக இருந்த ஒருவர் போனார். மடைக்குள் முங்கி அடைப்பு எடுத்தவர், தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை வைத்து வயல் வயலாகப் பாய்ச்சியவர். மேலப்புரவுக்காரர்கள் (மேற்குப் பக்கத்து வயல்காரர்கள்) அவரைப் போல் நியாயஸ்தர் இல்லை என்றார்கள். கீழப்புரவுக்காரர்கள் ராத்திரியில் மடையைத் திருப்பிவிடுவார் என்றார்கள். இரண்டையும் எழுதினோம், யார் சொன்னது என்று குறித்து. மகனிடம் வாசித்துக் காட்டியதற்கு, “ரெண்டும் உண்மைதான், எங்கப்பாவுக்குக் கீழப்புரவுல யாரையும் பிடிக்காது” என்று அவரே சிரித்துவிட்டார். இப்படி எல்லா வீட்டிலும் நடக்காது. ஒரு வீட்டில் பக்கத்தையே கிழிக்கச் சொன்னார்கள். கிழிக்கவில்லை, அவர்கள் சொன்ன இரண்டு வரியை மட்டும் எடுத்துவிட்டு வேறு தாளில் திரும்ப எழுதினோம்.

நாங்க படைப்புல வச்சுக் கும்பிடுறோம். தெய்வமாயிட்டவுகளைப் போய் கோவக்காரின்னு எழுதுனா?

படைப்பு என்பது முன்னோருக்குப் படையலிட்டுக் கும்பிடுவது. அதில் என்ன வைக்கிறீர்கள்? அவர் கட்டிய மாதிரிச் சேலை, அவருக்குப் பிடித்த பதார்த்தம். ‘உப்புக் குறைஞ்சா ஆத்தா விட மாட்டாக’ என்று சமைக்கும்போது நீங்களேதான் பயப்படுகிறீர்கள். கோபம் படைப்புச் சேலை வைக்கிற பேழைக்குள்ளேயே இருக்கிறது, நோட்டில் வந்தால் மட்டும் என்ன? எந்தப் பதார்த்தம், என்ன நிறச் சேலை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பள்ளிவாசல் தெருவில் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குப் பிறகும், வேதக்கார வீடுகளில் நவம்பர் 2 கல்லறைத் திருநாளை ஒட்டியும் போவோம். சொந்தக்காரர்கள் கூடுகிற நாள் அதுதான்.

அவர் இயற்கையாச் சாகலை. எப்படி எழுதுறது?

வாழ்ந்ததை எழுதுங்கள். எப்படி, எதனால், எங்கே என்று எழுத வேண்டாம். ‘மறைந்தார்’ என்ற ஒரு சொல்லும் தேதியும் போதும். தானாக உயிரை விட்டவர்கள் விஷயத்தில் இதைக் கண்டிப்பாகப் பார்க்கிறோம். காரணத்தை ஊர் ஆளுக்கொன்றாகச் சொல்லும், ஒன்றையும் நோட்டில் ஏற்ற மாட்டோம்.

2020, 2021-ல் கொரோனாவில் போனவர்களுக்குக் கேதம் கேட்கக்கூடச் சரியாக ஆள் கூடவில்லை. பந்தல் பேச்சு இல்லாததால் அந்தப் பக்கங்கள் மெலிந்து கிடக்கின்றன. அவர்களைப் பற்றிச் சொல்ல இருப்பவர்கள் இப்போது வந்தாலும் இடம் விட்டு வைத்திருக்கிறோம்.

போட்டோவே இல்லை. வீட்டை வித்தப்ப எல்லாம் பழைய சாமான் கடைக்குப் போயிருச்சு.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். பீங்கான் பாத்திரம், ரவிவர்மா படங்கள், மரச் சாமான்களோடு யார் வீட்டுத் தாத்தாவோ கோட்டுப் போட்டுச் சட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பார். சட்டத்துக்காக வாங்குகிறார்கள், உள்ளே இருப்பவர் யார் என்று யாருக்கும் கவலையில்லை. சிலர் தங்கள் வீட்டுப் படத்தை அங்கே கண்டெடுத்து விலை கொடுத்து மீட்டதும் உண்டு.

இருக்கிற படங்களுக்காவது இப்போதே பின்பக்கம் பென்சிலால் பெயர், உறவு, ஊர் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் அழுத்தம் காட்டும், மையும் இறங்கும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம். அப்படியே சாய்த்து, ஃபிளாஷ் இல்லாமல் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எதையும் குப்பை என்று எறிய வேண்டாம். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நோட்டீசையும் அழைப்பிதழையும் சேர்த்து வைத்தவர். 1992-ல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்க, இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாக இருக்கிறது.

நானே என்னைப் பத்தி இப்பவே எழுதிக் கொடுத்துரவா?

கொடுங்கள், வாங்கி வைக்கிறோம். ஆனால் அப்புறம் அடுத்த வீட்டிலும் கேட்போம்.

இந்த நோட்டுல எங்கப்பாவுக்கு நான் ஒரே மகன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றீகளா? பத்திரத்துக்கு வேணும்.

தர மாட்டோம். வாரிசுச் சான்று வட்டாட்சியர் தருவது, அதற்கு அங்கேதான் மனுப் போட வேண்டும். யார் பிள்ளை, யாருக்கு எவ்வளவு பங்கு என்று தீர்ப்பதற்கு இந்த நோட்டு இல்லை. அதற்காக யார் கேட்டாலும் நகல் கொடுப்பதில்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம். உட்கார்ந்து படிக்க வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளையார் கோயில் மண்டபத்துக்கு வாருங்கள். வரும்போது அப்பாவைப் பற்றி உங்கள் அத்தை சொன்ன அந்த மாட்டு வண்டிக் கதையைச் சரிபார்த்துச் சொன்னால் நல்லது, அதில் வருஷம் இன்னும் பொருந்தவில்லை.